பேச்சற்றோர்க்கு ஓர் எழுத்து

கோத்தியருக்கு எழுத்தமைத்த உல்பிலாவையும் ஆர்மீனியருக்கு எழுத்தமைத்த மெஸ்ரோப்பையும் திருச்சபை வரலாற்று வகுப்பில் கற்பிக்கின்றோம். அவர்கள் ஒலிக்கு வடிவு தந்தவர்கள். ஒலியை விட்டுக் கருத்துக்கே நேராகக் குறி வகுத்தவர் ஒருவரும் உண்டு. வேளச்சேரிக்கு அண்மையில் நிகழ்ந்த ஒரு முயற்சியை விளங்கிக்கொள்ள அவர் வரலாறு துணை செய்யும்.

சார்ல்ஸ் பிளிஸ் 1897இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938இல் நாத்சிகளின் வதைமுகாம்களில் அடைபட்டு, விடுதலையாகி, ஷாங்காய் சென்றார். சீன எழுத்தைக் கற்கையில், தாம் அதனைச் சீனத்தில் அன்று, தம் மொழியிலேயே வாசிப்பதை உணர்ந்தார். அவ்வுணர்விலே பிறந்தது அவரது குறிமுறை. 1949இல் ஆஸ்திரேலியாவில் நூலாயிற்று. உணர்ச்சிக்கு இதய வடிவம். மேல்நோக்கிய அம்பு சேரின் மகிழ்ச்சி, கீழ்நோக்கியது சேரின் துயரம். மொழிப்பகை இதனால் ஒழியுமென நம்பினார். உலகமோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

1971இல் டொரோன்டோவில் ஷேர்லி மெக்நாட்டன் என்னும் ஆசிரியை, மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத சிறார்க்கு அக்குறிகளைக் கற்பித்தார். பிள்ளைகள் பலகையிலே குறிகளைச் சுட்டித் தம் மனத்தைத் திறந்தனர். பிளிஸ் மகிழ்ந்தார், பின்னர், ஆசிரியர்கள் தம் குறிகளைத் திரிக்கின்றனர் என்று சினந்தார். நெடிய சட்டப் பிணக்கின் பின், 1982இல் உரிமம் உறுதியாயிற்று. முகாமிலிருந்து மீண்டவர் தம் ஒரே உடைமையைக் காத்துநின்றதை இகழ நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், பிறர் தம் தேவைக்கேற்ப வளைக்கும்போதே குறி மொழியாகின்றது என்பது நம் கருத்து.

1985இல் பிளிஸ் மறைந்தார். அதே ஆண்டில், இன்று கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர் என்னும் அமைப்பு சென்னையில் உருவாயிற்று. அதனோடு இணைந்து உழைத்த அஜித் நாராயணன், வேளச்சேரிச் சாலையிலும் வாயிலுள்ள தொழில்நுட்பக் கழகமாகிய ஐ.ஐ.டி.யில் பயின்றவர். படங்களைத் தொட்டால் குரலாக்கும் ‘ஆவாஸ்’ கருவியை அவர் அமைத்தார். 2013இல் ‘ஃப்ரீஸ்பீச்’ என்னும் படமொழியையும் உலக அரங்கில் விளக்கினார். உண்ணுதலைக் குறிக்கும் படத்தினின்று யார், எதை, எப்போது என்று கிளைகள் பிரியும். சொல்வரிசை வேண்டுவதில்லை; இலக்கணத்தைப் பொறி பார்த்துக்கொள்ளும்.

இது ஆயர்களுக்கு வெறுஞ்செய்தியன்று. திடப்படுத்தல் ஆராதனையில் வாயினால் விடை கேட்கின்றோம். படத்தைத் தொட்டு விடையளிக்கும் பிள்ளையை என் செய்வது? தயங்குவோர் சகரியாவை எண்ணுக. நாவு கட்டுண்டிருக்கையில் அவர் பலகையில் எழுதியதே பிள்ளைக்குப் பெயராயிற்று (லூக்கா 1:63). வாய் திறந்தது அதன் பின்னரே.

கடினமானது வேறொன்று. அப்பம், தண்ணீர், வீடு ஆகியவற்றுக்குப் படம் எளிது. பாவமன்னிப்புக்கு எப்படம்? கிருபைக்கு எது? சிலுவையை வரைந்துவிட்டால் போதுமென்று நமக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்கு அது கோயில் சுவரிலுள்ள மரமாகவும் இருக்கலாம். வீட்டில் அப்பிள்ளை எதைக் கண்டு மன்னிக்கப்பட்டதென்று அறிகிறதோ, அதனைத் தாயிடம் கேட்டறிந்து, ஆயரே ஒரு குறி வகுக்க வேண்டியிருக்கும்.