சேர்வராயன் மலையும் ஈரத் தாளின் சரித்திரமும்

நம்மவர் இல்லங்களின் முன்கூடத்துச் சுவர்களில் முன்னோர் நிழற்படங்கள் மாட்டப்பெற்றிருத்தலை அன்பர்கள் யாவரும் அறிவர். அவற்றை ஒருமுறை அணுகி நோக்குமாறு வேண்டுகிறோம். ஒரே கலியாணத்தில், ஒரே பந்தலில், ஒரே போட்டோக்காரர் எடுத்த இரண்டு படங்களுள் ஒன்று இன்றைக்கும் கறுப்பும் வெளுப்பும் மாறாமல் துலங்க, மற்றொன்று பழுத்த இலைபோல மஞ்சள் பூத்து, முகங்கள் கரைந்து, இன்னார் என்று சொல்லுதற்கும் இயலாத நிலையை அடைந்திருக்கும். காலத்தின் செயல் என்று கூறி அதனை விட்டுவிடுகிறோம். காலம் இரண்டுக்கும் ஒன்றே அன்றோ? வேறுபாட்டின் காரணம், அவ்விரு தாள்களும் இருட்டறையில் ஈரமாய்க் கிடந்த சிறு பொழுதில் எவ்வாறு கையாளப்பெற்றன என்பதிலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

சில படங்களின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்பு மறு இருக்கும். ஹைப்போ நீர் தோய்ந்த விரலால் தாளைத் தூக்கிய ஒருவருடைய அடையாளம் அது. அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஈரத் தாளைப் பற்றியும், அதனைத் தூக்குதற்கும் கழுவுதற்கும் உலர்த்துதற்கும் ஏற்பட்ட கருவிகளைப் பற்றியும், சேலம் ஜில்லாவையும் சேர்வராயன் மலையையும் முன்னிட்டுச் சில வரலாற்றுச் செய்திகளை இவ்விதழில் கூறப் புகுகின்றோம்.

வெள்ளியின் உப்புக்கள் வெளிச்சம் பட்டாற் கறுக்கும் இயல்புடையன. அவ்வியல்பைக் கொண்டு தாளில் உருவத்தை எழச் செய்தபின், வெளிச்சம் படாது எஞ்சிய உப்பை நீக்காவிடில் தாள் முழுவதுமே நாளடைவிற் கறுத்துப்போம். அதனை நீக்கும் மருந்து ஹைப்போ. வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் 1819-இல் கண்டறிந்தார். 1839-இல் அதனை நிழற்படத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார். ஆயின் படத்தைக் காத்த அம்மருந்தே, வேலை முடிந்தபின் தாளை விட்டு நீங்காமல் தங்கினால் அதற்குப் பகையாகும். ஹைப்போவில் கந்தகம் உண்டு. அது தாளின் நாருக்குள் ஒளிந்திருந்து, வீட்டு வெள்ளிப் பாத்திரத்தின் நிறம் கெடுவது போலப் படத்தின் வெள்ளியையும் சிறுகச் சிறுகக் கெடுத்து மஞ்சளாக்கிவிடும். படங்கள் மங்குவதன் காரணத்தை ஆராய லண்டன் நிழற்படச் சங்கத்தார் 1855-இல் ஒரு கமிட்டியை ஏற்படுத்தினர். போதாத கழுவலே தலையான காரணம் என்று அக்கமிட்டியார் கண்டனர். ஆகவே கழுவுதல் என்பது வேலை முடிந்தபின் செய்யும் துப்புரவு அன்று. படத்தின் ஆயுளை நிர்ணயிப்பதே அதுதான்.

கமிட்டியார் இவ்வாறு கண்ட அடுத்த ஆண்டிலேயே நமது ராஜதானியில் இவ்வித்தை அரசாங்க காரியமாயிற்று. சென்னையில் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்னும் வைத்தியர் 1850-இல் சித்திரப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1856-இல் அந்நகரில் நிழற்படச் சங்கமும் ஏற்பட்டது. அதே வருஷத்தில் காப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் சென்னை ராஜதானியின் அரசாங்க நிழற்படக்காரராக நியமனம் பெற்றார். முந்திய ஆண்டில் பர்மா தேசத்து ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படம் பிடித்து வந்தவர் அவர். அப்படங்களுள் 120 காட்சிகளைத் தெரிந்து, ஐம்பது தொகுதிகளாகப் பெங்களூரில் அச்சிட்டார். கணக்கிட்டுப் பார்த்தால் ஆறாயிரம் தாள்கள். ஒவ்வொன்றும் பல நீர்களில் மூழ்கி, பல முறை தூக்கப்பெற்று, கழுவி உலர்த்தப்பெற்ற தாள்.

1857-ஆம் வருஷத்து முடிவில் ட்ரைப் தமது கருவிகளோடு பெங்களூரினின்று புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய தலங்களைப் படம் எடுத்து, 1858-இல் திரும்பினார். அவ்வாண்டு வெளிவந்த அவருடைய தொகுதிகளுள் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கியது. ராயக்கோட்டை இந்நாளில் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் அக்காலத்தில் சேலம் ஜில்லாவிலேயே இருந்தது. ஆகவே சேர்வராயன் மலையைத் தன்னகத்துக் கொண்ட நம் ஜில்லா நிழற்படத் தாளில் ஏறி நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தொகுதிகளின் முகப்பில் ட்ரைப்பின் பெயரும் குறிப்பு எழுதியவர் பெயரும் விளங்குகின்றன. தொட்டியருகில் நின்ற உதவியாளர் பெயர் முகப்பில் இல்லை.

அவ்வுதவியாளரின் வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ட்ரைப் பெரும்பாலும் கண்ணாடியில் அன்றி மெழுகு ஏற்றிய தாளிலேயே மூலப்படத்தை எடுத்தார். மாசிக்காயிலிருந்து எடுக்கும் காலிக் அமிலத்தில் அம்மூலத்தாள் நெடுநேரம் கிடந்து உருவம் தெளியும். அச்சிடும் தாளையோ வெள்ளி நைட்ரேட்டு நீரின்மேல் மிதக்கவிட வேண்டும். மேற்புறம் நனையலாகாது, அடியில் காற்றுக்குமிழி ஒன்றும் தங்கலாகாது. இதற்காகத் தாளின் ஒரு மூலையைச் சிறிது மேலே மடித்துக்கொள்வர். அம்மடிப்பே பிடி. தூக்கும்போது மெல்லச் சாய்த்து நீரை வடித்து, கவ்வியிற் கோத்துத் தொங்கவிட்டு, கீழ்மூலையில் ஒற்றுத்தாள் துண்டு ஒன்றை ஒட்டுவர். சொட்டுவது வெள்ளி, அதனை வீணாக்குவார் உண்டோ?

நனைந்த தாள் விரிவடையும் என்பதும், நெடுக்கில் ஓரளவும் குறுக்கில் வேறோர் அளவும் விரியும் என்பதும் தாள் வேலை செய்வோர் அறிந்தவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துச் சாஸனங்களை ட்ரைப் 21 தாள்களில் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இருபத்தொரு தாளும் ஒரே நிறத்தில் இறங்கி, ஒரே அளவாய் உலர்ந்தாலன்றி அப்படம் பொருந்தாது. கருவி நுணுக்கம் மட்டும் இதனைச் செய்துவிடாது. ஈரத்தாளை அறிந்த கை வேண்டும். 1860-ஆம் வருஷ அளவில், கவர்னர் ட்ரெவிலியன் செலவைக் கருதி அந்த ஸ்தாபனத்தையே மூடிவிட்டார். சிக்கனம் நன்றே, எனினும் பழகிய கைகள் ஒருமுறை கலைந்தால் மீண்டும் கூட்டுதல் எளிதன்று. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையிலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் ட்ரைப்பின் படங்கள் இன்றும் உள்ளன.

அக்கைகள் பட்ட பாடும் சிறிதன்று. வெள்ளி நைட்ரேட்டு பட்ட விரல்கள் கரிபோலக் கறுத்துவிடும். சோப்பினால் அக்கறை போகாது. அதனைப் போக்குதற்குக் கொடிய விஷமாகிய பொட்டாசியம் சயனைடைத் தேய்த்துக்கொண்டோரும் அக்காலத்தில் உண்டு. அதனால் உயிரிழந்தாரும் உண்டு. விரலுக்குப் பதிலாகக் கொம்பு இடுக்கி, எலும்பு இடுக்கி, கண்ணாடிக் கோல் முதலியன வழக்கத்துக்கு வந்தன. தட்டுகளும் பீங்கானிலோ, கண்ணாடியிலோ, கட்டாபர்ச்சா என்னும் மரப்பாலிலோ அமைந்தன. நம் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம் இதற்கு ஆகாது. செம்பு கலந்த உலோகம் மருந்தைக் கெடுக்கும். எனாமல் தட்டும் ஓரிடத்தில் உரிந்துவிட்டால் துருப்பிடித்துப் புள்ளி விழச் செய்யும்.

இனி மலைக்கு வருவோம். ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பிச் செடியைப் பயிராக்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. காப்பிக்கும் போட்டோவுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு தண்ணீர். காப்பிப் பழத்தின் தோலை நீக்கியபின் கொட்டையைச் சூழ்ந்த வழவழப்பைப் புளிக்க வைத்துத் தொட்டியில் மீண்டும் மீண்டும் கழுவுவார்கள்; பின்பு களத்திற் பரப்பி உலர்த்துவார்கள். கழுவல் குறைந்தாலும் உலர்த்தல் தவறினாலும் சரக்கு கெடும். நிழற்படத் தாளின் வேலையும் இவ்விரண்டே.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முட்டை வெண்கரு பூசிய தாள் வழக்கொழிந்து ஜெலாட்டின் பூசிய தாள் வந்தது. ஜெலாட்டின் தண்ணீரில் ஊறிப் பருக்கும். முப்பது சென்டிகிரேட் டிகிரி அளவிலேயே இளகத் தலைப்படும். சீமைப் புத்தகங்கள் இருபது டிகிரி நீரிலே வேலை செய்க என்று விதிக்கும். சித்திரை வைகாசியில் சேலத்தில் அந்நீருக்கு எங்கே போவது? தொட்டியிற் கிடக்கும் தாளின் ஓரம் சுருண்டு எழும், கொப்புளம் காணும், விரல் பட்ட இடம் வழுக்கி உரியும். சமவெளியில் தொழில் செய்தவர்கள் படிகாரம், குரோம் படிகாரம், பார்மலின் ஆகியவற்றால் ஜெலாட்டினை இறுகச் செய்தும், பனிக்கட்டி இட்டும், இரவில் வேலை செய்தும் ஒருவாறு சமாளித்தனர். ஏற்காட்டிலோ குளிர்மாதங்களின் தண்ணீர் புத்தகம் விதித்த குளிர்ச்சிக்கு ஏறக்குறைய ஒத்தே இருக்கும்.

எனினும் மலை ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும். மூடுபனியில் தாள் உலராது. உலர்ந்தது போலத் தோன்றியதும் இரவில் ஈரம் வாங்கி ஒன்றோடொன்று ஒட்டும்; ஜெலாட்டினிற் பூஞ்சணம் பூக்கும். காப்பித் தோட்டக்காரர் மலையிற் கழுவிய கொட்டையை மேற்பக்குவத்துக்குச் சமவெளிக்கு அனுப்புவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கழுவுதற்கு ஏற்காடும் உலர்த்துதற்குச் சேலமுமாக ஒரு போட்டோக்காரருக்கு வாய்க்குமாயின் அவர் பாக்கியவானே.

கருவிகளுள் நாம் மிக மெச்சுவது, கோடக் கம்பெனியார் விற்ற சைபன் குழாய். தட்டின் விளிம்பில் மாட்டிக் குழாய்த் தண்ணீரோடு இணைத்தால், புது நீரை மேலே செலுத்தி, அடியில் தங்கிய பழைய நீரை இழுத்து வெளியேற்றும். ஹைப்போ கலந்த நீர் கனத்து அடியிற் படியுமாதலின் அடியிலிருந்து இழுப்பதே முறை. இச்சிறு கருவி ஒரு தட்டையே கழுவு தொட்டியாக்கிவிடும். குழாய் இல்லாத ஊரில் குடம் குடமாக நீர் மாற்றவேண்டும். பத்து முறை மாற்றவேண்டிய இடத்தில் மூன்று முறையோடு நிறுத்திய படங்களே நாம் முதலிற் கூறிய மஞ்சட் படங்கள்.

இடுக்கியின் கதை இன்னும் சிறிது உண்டு. 1891-இல் மெட்டால் என்னும் டெவலப்பர் மருந்து வந்தது. படத்துக்கு அது மிக நல்லது. சிலருடைய தோலுக்கோ ஆகாது. விரலிடுக்கில் அரிப்பும் வெடிப்பும் புண்ணும் கண்டு தொழிலையே விட்டவர் உண்டு. ஆதலின் மூங்கில் இடுக்கி, நுனியில் ரப்பர் செருகிய இடுக்கி, பின்னாளில் துருவேறா எஃகு இடுக்கி ஆகியவை பரவின. டெவலப்பருக்கு ஒன்று, ஹைப்போவுக்கு ஒன்று எனத் தனித்தனியே வைத்தல் வேண்டும். ஹைப்போ தோய்ந்ததை டெவலப்பரில் இட்டால் படம் கறைபடும். மூங்கில் மருந்தை உறிஞ்சுமாதலின் இவ்விதி அதற்கு இருமடங்கு பொருந்தும். இறுகப் பிடித்தால் ஈர ஜெலாட்டினிற் பிறைபோல வடு விழும். வெள்ளை ஓரத்தையே பற்றவேண்டும்.

இத்தனையும் இருக்க, வெறுங்கையால் வேலை செய்தது ஏன் என்று அவர்கள்மேற் குறை கூறுவது நியாயமாகாது. முகூர்த்த மாதத்தில் ஐம்பது தாளை ஒரே தட்டிலிட்டு, அடியிலுள்ளதை மேலும் மேலுள்ளதை அடியுமாகப் புரட்டிக்கொண்டேயிருக்க இடுக்கி உதவாது, கைதான் உதவும். மேலும் டெவலப்பரின் வழவழப்பு நீங்கியதா என்பதை விரல் அறியும், இரும்பு அறியாது. சேலத்தில் 1935-இல் டி. ஆர். சுந்தரம் அவர்கள் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற சினிமா ஸ்தாபனங்களின் படச்சுருள் வேலை வேறு வகையினது. அதனை இங்கே விரிக்கவில்லை.

1970-களில் பிளாஸ்டிக் பூசிய தாள் பரவியபின் ஒரு மணி நேரக் கழுவல் சில நிமிஷங்களாகச் சுருங்கிற்று. அதன் பின்னர் வண்ணப்பட யந்திரங்களும், டிஜிட்டல் காமிராக்களும் வந்து, ஊர்தோறும் இருந்த இருட்டறைகள் சாமான் அறைகளாயின. ஆயினும் அவ்வறைகளிலிருந்து வெளிவந்த தாள்கள் நம் சுவர்களில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இரண்டொரு குறிப்புக் கூறி நிறுத்துகின்றோம்.

மஞ்சளான படத்தை இன்று கழுவினால் நிறம் திரும்பாது. ஈரத்துணியால் துடைத்தலும் கூடாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஒட்டியபடியே வைத்துப் பிரதி எடுத்துக்கொள்க. சட்டம் மாற்றும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடுக. மலைப்பக்கம் குடியிருப்போர் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டுக. சட்டத்தைக் கழற்றும்போது பின்புறத்தில் போட்டோக்காரரின் ரப்பர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்க. படத்தில் இருப்பவர் பெயர்களை அறிந்த பெரியோர் வீட்டில் இருக்கும்பொழுதே கேட்டு, அட்டையின் பின்புறத்தில் மை கொண்டு எழுதாமல் மெல்லிய பென்சிலால் எழுதி வைக்க.