உலக இசை: கலப்பும் கத்தரிப்பும்

'உலக இசை' என்பது இசைஞர்கள் சூட்டிய பெயரன்று. பல்கலைக்கழக வட்டாரங்களில் அச்சொல் முன்பே வழங்கியதுண்டு. ஆயினும் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள், 1987 ஜூனில் லண்டன் மதுச்சாலையொன்றில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார். ஆபிரிக்க, ஆசிய இசையை எந்த இறாக்கையில் அடுக்குவதெனக் கடைக்காரர்கள் தடுமாறினார்கள். அதற்கொரு பெயர் தேவைப்பட்டது.

பெயர்தான் புதிது, கலப்பு பழையது. கவ்வாலியையே எடுத்துக்கொள்வோம். அமீர் குஸ்ரோவின் (1253-1325) பெயரோடு மரபு இணைத்துப் பேசும் இந்த ஸூபி இசையில் பாரசீகக் கவிதையும் ஹிந்துஸ்தானி ராகமும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. கவ்வாலிக் குழுவின் முன்வரிசையில் இருக்கும் ஆர்மோனியமோ 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் உருவான வாத்தியக் குடும்பத்தின் வாரிசு. அதை அந்நியமென்று இன்று எவரும் ஒதுக்குவதில்லை.

எனவே, கலக்கலாமா என்பதல்ல என் கேள்வி. கலக்கும்போது 'இதை வெட்டாதே' என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது? இரண்டு பதிவுகளை அருகருகே வைத்து இதைப் பார்க்க விரும்புகிறேன்.

நுஸ்ரத் ஃபதே அலி கான் (1948-1997), பீற்றர் கேப்ரியலும் நண்பர்களும் தொடங்கிய வோமாட் விழாவில் 1985இல் பாடினார். 1990இல் கேப்ரியலின் றியல் வேர்ல்ட் நிறுவனம் அவரது 'மஸ்த் மஸ்த்' தொகுப்பை வெளியிட்டது. அதன் தயாரிப்பாளர் கனடியரான மைக்கேல் புறூக். பதிவைத் தொகுக்கையில் சில இடங்களில் சொற்றொடர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. மொழியறியாத காதுக்கு அது வெறும் ஒலி, பாடியவருக்கோ பொருள். வெறும் ஸரிகம பாடிய இடத்தில்கூட அந்த ஓட்டம் முறிவதை நுஸ்ரத் ஏற்கவில்லை. தொகுப்பு முடியுமுன்பே அது தெரியவந்ததால் திருத்த முடிந்தது.

மற்றையது, சொலமன் தீவுகளின் மலைத்தாவைச் சேர்ந்த அஃபுனக்வா என்ற பெண் பாடிய தாலாட்டு. பெற்றோரை இழந்த பிள்ளையைத் தேற்றும் பாட்டு அது. 1970ஐ ஒட்டிய காலத்தில் இசை ஆய்வாளர் ஹியூகோ ஸெம்ப் அதனைப் பதிவுசெய்தார். 1992இல் டீப் ஃபொரெஸ்ற் என்ற பிரெஞ்சுக் குழு அக்குரலை எடுத்து நடனத் தாளத்தில் ஏற்றியது. பாட்டு உலகெங்கும் விற்றது. இதற்குத் தாம் இணங்கவில்லையென ஸெம்ப் பின்னர் எழுதினார். அத்தொகுப்பு மத்திய ஆபிரிக்கப் பிக்மி மக்களை முன்னிறுத்தி வந்தமையால், பலரும் இதையும் ஆபிரிக்கப் பாட்டென்றே எண்ணினர். நோர்வே இசைஞர் யான் கார்பாரெக் 1996இல் 'பிக்மி தாலாட்டு' என்ற தலைப்பிலேயே அந்த மெட்டை வாசித்தார். பாடியவரின் பெயர் மட்டுமல்ல, அவரது சமுத்திரமே மறைந்துபோயிற்று.

2020இல் கிராமி விருதுக்காரர்கள் 'உலக இசை' என்ற பெயரைக் கைவிட்டு 'குளோபல்' என்று மாற்றிக்கொண்டனர். நல்லதுதான். ஆனால் இறாக்கையின் பெயரை மாற்றுவதால் மட்டும் நியாயம் வந்துவிடாது. கத்தரிக்கோல் எடுக்கப்பட்டபோது நுஸ்ரத்தின் சொல் எடுபட்டது. அஃபுனக்வாவிடம் எவரும் கேட்கவேயில்லை. ஒரு கலப்பை உறவென்று சொல்வதா, அபகரிப்பென்று சொல்வதா என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன்.