எம்டனும் ஊமைப்படமும்

கண்டிப்பான மாமனாரையோ, ஏமாற்ற முடியாத கடைக்காரரையோ “அவர் பெரிய எம்டன்” என்று சொல்லாத தமிழ் வீடு உண்டா? ஸ்ரீ சிட்டி, தடா பக்கம் வளரும் நம் பிள்ளைகள் வாயிலும் அது வருகிறது. ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில், கேப்டன் கார்ல் வான் முல்லரின் அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, அரைமணிக்குள் சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. செத்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள்தான். ஆனால் பயம் இருக்கிறதே, அதற்குக் கணக்கு கிடையாது. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். வியாபாரியாகச் சொல்கிறேன், கடையைப் பூட்டிவிட்டு ஓடுவது லேசான காரியம் இல்லை.

அதே நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ எம்டனை அடித்து நொறுக்கியது. அதில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கடல் விபத்தைச் சுடச்சுடப் படமாக்கிய காலம் அது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அதில் தப்பிய நடிகை டோரத்தி கிப்சன், அன்றிரவு உடுத்திய அதே உடையோடு நடித்த படம் மே மாதமே வந்துவிட்டது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை.

எம்டனுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 1926-ல் லூயிஸ் ரால்ஃப் ஜெர்மனியில் ஊமைப்படமாக எடுத்து, கேப்டனாகத் தானே நடித்தார். தலைப்பே ‘நமது எம்டன்’! 1928-ல் ஆஸ்திரேலியாவின் கென் ஹால் அதையே வெட்டி, தங்கள் கடற்படையின் ஒத்துழைப்போடு சிட்னி கப்பல் காட்சிகளை எடுத்துச் சேர்த்து ஓட்டினார். அடித்தவனுக்கு ஒரு படம், அவனை அடித்தவனுக்கு ஒரு படம். அடிபட்ட சென்னைக்கு?

படமெடுக்க ஆள் இல்லாமல் இல்லை. எம்டன் வந்துபோன சில வருஷங்களிலேயே நடராஜ முதலியார் சென்னையில் ‘கீசகவதம்’ எடுத்துவிட்டார். ஆனால் அது பாரதக் கதை. வெள்ளைக்காரன் நடுங்கிய ராத்திரியைத் திரையில் காட்ட அவன் விடுவானா? 1918-லேயே சினிமாச் சட்டம் போட்டு, தணிக்கையைக் கொண்டுவந்துவிட்டான். ஆக, ஊர் வைத்த நினைவு இரண்டுதான். ஒன்று ஹைகோர்ட் மதில் ஓரத்துக் கல்வெட்டு. மற்றது நம் நாக்கில் உள்ள சொல்.

அந்தச் சொல்லுக்கும் சோதனை வந்தது. 2006-ல் ‘எம்டன் மகன்’ என்று வரவேண்டிய படம், தமிழ்ப் பெயருக்கே வரிவிலக்கு என்பதால் ‘எம் மகன்’ ஆயிற்று. எம்டன் தமிழ் இல்லை என்றால் எங்கள் பாட்டி சண்டைக்கே வந்திருப்பாள்.