வான்கம்பியின் இரு மரபுகள்

வானொலித் தொடர்பைத் தொழிலாகக் கொள்ளாது ஆர்வத்தினாற் பயில்வோர் குறைந்த மீடிறன்களிற் பேச விரும்புங்கால், முதலில் எதிர்ப்படும் தடை வீட்டு வளவின் அளவேயாகும். 160, 80, 40 மீற்றர் அலைகளுக்கு நீண்ட ஏரியல் கம்பி வேண்டும். அதனை எவ்வாறு அமைத்தல் நன்று என்னும் வினாவுக்கு அதன் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

ஜேர்மனிய விஞ்ஞானி ஹேர்ட்ஸ் 1887, 1888ஆம் ஆண்டுகளில் மின்காந்த அலைகளை ஆராய்ந்தபோது, நடுவிற் பிரிந்த நேரான கடத்தியைக் கையாண்டார். இன்றைய இருமுனைக் கம்பி அதன் வழிவந்ததே. இத்தாலியரான மார்க்கோனி 1895இல் ஒரு பாதியை உயர்த்தி, மறுபாதிக்கு ஈடாக நிலத்தைத் தொடுத்தார். நிலைக்குத்துக் கம்பியின் மரபு இதுவாம்.

இவற்றுள் எது சிறந்தது? 80 மீற்றர் அலைக்குரிய இருமுனைக் கம்பி ஏறத்தாழ 40 மீற்றர் நீளமானது. வீட்டார் அதனைப் 10 மீற்றர் உயரத்திற் கட்டின், அவ்வுயரம் அலைநீளத்தில் எட்டிலொரு பங்கே. ஆதலின் ஆற்றலிற் பெரும்பகுதி மேல்நோக்கிச் சென்று, அயன மண்டலத்தால் திருப்பப்பட்டுச் சில நூறு மைல்களுக்குள் மீள்கின்றது. அண்மையிலுள்ளாரோடு பேசுதற்கு இது போதியது. 20 மீற்றர் நிலைக்குத்துக் கம்பியோ அடிவானை நோக்கி அலையைச் செலுத்துவதாற் சேய்மைக்கு உகந்தது. அவ்வுயரம் வாய்க்காதோர் இயன்றளவு உயர்த்தி, எஞ்சியதைக் கிடையாக மடித்து நீட்டுவர்.

ஆயின் நிலம் குறைபாடுடைய கடத்தி; ஆற்றலை அதுவே விழுங்கிவிடும். பிரவுண், லூயிஸ், எப்ஸ்டைன் என்போர் 1937இல் வெளியிட்ட அளவீடுகள், அடியிற் புதைத்த ஆரைக் கம்பிகள் பெருகப் பெருக இவ்விழப்புக் குறைதலைக் காட்டின. கண்ணுக்குப் புலப்படாத இப்பாதியைப் புறக்கணித்தோர் உயர்ந்த கம்பத்தாற் பெரும்பயன் எய்துவதில்லை.

கேட்டலுக்கோ வேறு நியாயம் உண்டு. 1921 டிசெம்பரில் அமெரிக்கரான போல் கொட்லி, ஸ்கொத்லாந்தின் ஆட்றொசன் கடற்கரையிற் கூடாரமிட்டு, அமெரிக்கக் கிறீனிச் நகரின் ஆர்வலர் நிலையத்தை ஏறக்குறைய 230 மீற்றர் அலையிற் கேட்டார். அனுப்பிய நிலையம் உயர்த்திய கம்பியையும் அதனடியில் ஆரைகளாய்ப் பரப்பிய கம்பிகளையும் கொண்டிருந்தது. கொட்லி கேட்டதோ, தாழ்ந்த கம்பங்களின்மேல் 1,000 அடிக்கு மேல் நீண்டு கிடந்த பெவரேஜ் கம்பியினால். அஃது அனுப்புதற்கு ஆகாதது. எனினும் ஒரு திசையையே சிறப்பாக நோக்கி, ஏனைய திசைகளின் இரைச்சலைத் தணித்தது.

அத்திலாந்திக் சமுத்திரம் அன்று ஒரே வகைக் கம்பியாற் கடக்கப்படவில்லை. ஆகவே, எக்கம்பி சிறந்தது என வினவுவோர், யாருடன் பேசுதற்கு, எந்நிலத்தின்மேல், அனுப்பவோ கேட்கவோ என்பவற்றை முதலில் வினவுதல் வேண்டும்.