நாக்கின் மேல் விழுந்த பழி: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் உறக்க மூச்சுத்தடை கண்டறியப்பட்ட வரலாறு

1866-இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர், லண்டன் மருத்துவமனை வெளியிட்டுவந்த ஆய்வுத் தொகுதியில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார். சர்ரே மாவட்டத்து எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் தலைமை மருத்துவர் அவர். அங்கிருந்த குழந்தைகளில் ஒரு சாரார், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளோ என்று ஐயுறும் அளவுக்கு ஒத்த முகம் உடையவர்களாக இருந்ததை அதில் விவரித்தார். அவர்களை இனவாரியாக வகைப்படுத்த அவர் செய்த முயற்சி தவறானது. அறிவியல் அதைக் கைவிட்டுவிட்டது. அவர் கண்டு எழுதிய உடற்குறிகள் மட்டும் நிலைத்தன. நாக்கு நீண்டு, தடித்து, சொரசொரப்பாக இருக்கிறது, இரத்த ஓட்டம் மந்தம், காசநோய் எளிதில் பற்றுகிறது, ஆயுள் குறைவு. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1862-இல், காப்பகக் குழந்தைகளின் வாயமைப்பைப் பற்றி லான்செட் இதழில் அவர் எழுதியிருந்தார். குறுகி உயர்ந்த மேலண்ணத்தை அப்போதே குறித்திருந்தார்.

குறுகிய அண்ணம், இடம் கொள்ளாத நாக்கு, மந்தமான இரத்த ஓட்டம் என எல்லாத் தடயங்களும் ஒரே மருத்துவரின் கையில் இருந்தன. ஆனால் இந்தக் குழந்தைகள் உறங்கும்போது மூச்சுத் திணறுகிறார்கள் என்பதை மருத்துவ இதழ்கள் எழுதத் தொடங்க மேலும் 114 ஆண்டுகள் ஆயின. அறிகுறிகள் மறைந்திருந்ததால் இந்தத் தாமதம் நேரவில்லை. கண்ட அறிகுறி ஒவ்வொன்றையும் ‘இந்தக் குழந்தையின் இயல்பு’ என்று ஏட்டில் ஏற்றிவிட்டதால் நேர்ந்தது. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

மூச்சுத்தடை என்ற கருத்தே அக்காலத்தில் இல்லையே என்று கேட்கலாம். பெயர் இல்லைதான், கவனிப்பு இருந்தது. 1889-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்லியம் ஹில், பள்ளியில் பின்தங்கும் சில பிள்ளைகளின் மந்தத்துக்கு மூக்கடைப்பே காரணம் என்றும், அடைப்பை நீக்கினால் தெளிவு பிறக்கிறது என்றும் எழுதினார். 1892-இல் வில்லியம் ஆஸ்லர் தம் புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலில், டான்சில் வீங்கிய குழந்தை வாயைத் திறந்தபடி குறட்டையும் திணறலுமாக உறங்குவதையும், பகலில் மந்தமாகத் தெரிவதையும் விவரித்தார். மூச்சுத்தடையால் அறிவு மங்கக்கூடும் என்ற எண்ணம் இப்படி நூறாண்டுக்கு மேல் பழமையானது. ஆனால் அது மற்றக் குழந்தைகளோடு நின்றுவிட்டது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியது என்று முடிவு செய்யப்பட்ட குழந்தையின் மந்தத்துக்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்று எவரும் தேடவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1929-இல் 9 ஆண்டு, 1949-இல் 12 ஆண்டு என்றே கணிக்கப்பட்டிருந்தது. அத்தனை விரைவில் இறந்துவிடுவார்கள் என்று கருதப்பட்டவர்களின் உறக்கத்தை யார் உட்கார்ந்து கவனித்திருப்பார்கள்?

1959-இல் ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே, ரேமோன் டுர்பின் ஆகியோர் பாரிஸில் 21-ஆம் குரோமோசோமின் கூடுதல் படியைக் கண்டறிந்து வெளியிட்டனர். மாபெரும் கண்டுபிடிப்பு அது. ஆயினும் குழந்தையின் இரவைப் பொறுத்தவரை அது எதையும் மாற்றவில்லை. காரணம் மரபணுவில் இருக்கிறது என்று தெரிந்ததும், மாற்ற முடியாதது என்ற எண்ணம் இன்னும் வலுப்பெற்றிருக்கவும் கூடும்.

திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1965-இல் ஜாக்குலின் நூனன், டான்சிலும் அடினாய்டும் வீங்கியதால் இதயத்தின் வலப்பக்கம் செயலிழந்த குழந்தைகளை விவரித்தார். வீக்கத்தை அறுத்தெடுத்ததும் இதயம் தேறியது. அதே ஆண்டில் மெனாஷேயும் உடன் பணிபுரிந்தோரும் இதை ஒத்த ஆய்வை வெளியிட்டனர். மூச்சுப் பாதை அடைபட்டால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. நுரையீரல் தமனிகள் சுருங்குகின்றன. அங்கே அழுத்தம் ஏற, இதயம் களைக்கிறது. 1976-இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கியெமினோவும் குழுவினரும் 5 முதல் 14 வயது வரையிலான எட்டுக் குழந்தைகளின் உறக்கத்தை இரவு முழுதும் பதிவு செய்து, உறக்க மூச்சுத்தடை குழந்தைகளுக்கும் வரும் என்று நிறுவினர். பகல் தூக்கம், படிப்பில் சரிவு, நடத்தை மாற்றம், காலைத் தலைவலி ஆகியவை அந்தக் குழந்தைகளிடம் காணப்பட்டன. கடைசி ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் டவுன் சிண்ட்ரோமின் கணக்கில் எளிதாக எழுதப்பட்டுவிடக் கூடியவை.

1980-இல் கிளார்க், ஷ்மிட், ஷூலர் ஆகியோரும் 1981-இல் லாஃப்லினும் ரோலண்டும் தனித்தனிக் குழுக்களாக டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உறக்க மூச்சை ஆராய்ந்து எழுதினர். இவற்றுள் லாஃப்லின் எழுப்பிய கேள்வி கூர்மையானது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை உண்டு. அதனால் நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்ந்தால் இதயத்து ஓட்டையே காரணம் என்று கொள்வது வழக்கம். இரவில் மூச்சு நிற்பதும் அதற்குக் காரணமாகலாமே என்று அவர் கேட்டார். இதயத்தை மட்டும் சரிசெய்துவிட்டுத் தொண்டையைக் கவனிக்காமல் விட்டால் சிகிச்சை அரைகுறை என்பது இதன் பொருள்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான், இன்று படித்தாலும் மனத்தை வருத்தும் ஒன்றும் நடந்தது. 1980-இல் ஜெர்மனியின் லெம்பெர்லேயும் ராடுவும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குச் செய்த முக ஒட்டறுவை சிகிச்சைகளை வெளியிட்டனர். நாக்கின் ஒரு பகுதியை வெட்டிச் சிறிதாக்குவது அதில் அடங்கும். பேச்சு தெளியும், தோற்றத்தைக் கண்டு பிறர் விலகுவது குறையும் என்பது எதிர்பார்ப்பு. பல நாடுகளில் இது பரவியது. 1987-இல் வெளிவந்த ஆய்வுகள் நாக்கைக் குறைத்ததால் உச்சரிப்பு மேம்படவில்லை என்று காட்டின. பெற்றோர் நல்லெண்ணத்தோடுதான் இசைந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. நாக்கு பெரிது என்ற 1866-இன் கூற்றை, அளந்து பார்க்காமலே கத்தியை எடுத்தது மருத்துவம்.

அளந்தது எம்.ஆர்.ஐ. 2001-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஊவோங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இக்குழந்தைகளின் மேல் மூச்சுப் பாதை குறுகியிருப்பதையும், அதற்கு அடினாய்டின் பருமன் காரணமல்ல, முகத்தின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் சிறுத்திருப்பதே காரணம் என்பதையும் காட்டியது. 2008-இல் சின்சினாட்டியில் கிமராயிஸும் உடன் ஆய்ந்தோரும் நாக்கையே நேரடியாக அளந்தனர். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் நாக்கு மற்றக் குழந்தைகளுடையதைவிடச் சிறியதாகவே இருந்தது; அதைச் சுற்றியுள்ள எலும்புக் கூடு அதைவிடவும் சிறுத்திருந்தது. வீடு சிறிதானால் கட்டில் பெரிதாகத் தெரிவது போன்ற நிலை. 142 ஆண்டுகளாக நாக்கு சுமந்த பழி அன்று நீங்கியது.

எத்தனை குழந்தைகளுக்கு இந்தத் தடை இருக்கிறது என்பதற்கு விடை 1991-இல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கரோல் மார்க்கஸ் குழுவினர் 53 பேரைச் சோதித்தனர். பகலுறக்கச் சோதனையிலேயே 77 விழுக்காட்டினரிடம் கோளாறு தெரிந்தது. இரவு முழுதும் சோதிக்கப்பட்ட 16 பேரில் ஒருவர்கூட இயல்பாக இல்லை. வயது, உடற்பருமன், இதயக் குறை எதுவும் வேறுபாடு காட்டவில்லை. மருத்துவர் ஐயப்படாத குழந்தைகளிடமும் தடை இருந்தது.

என் மதிப்பில் இந்த வரலாற்றின் முக்கியமான ஆய்வு 2006-இல் சாலி ஷாட் சின்சினாட்டியில் வெளியிட்டது. சிறு குழந்தைகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு அது. தம் பிள்ளைக்கு உறக்கத்தில் எந்தச் சிக்கலும் இல்லை என்று பெற்றோரில் 69 விழுக்காட்டினர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகளிலேயே பாதிக்கு மேற்பட்டோரின் இரவுச் சோதனை இயல்பாக இல்லை. இந்தப் பெற்றோர் அக்கறையற்றவர்கள் அல்லர். பிறந்த நாள் முதல் குறட்டை விடும் குழந்தை, சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே முன்னால் கவிழ்ந்து தூங்கும் குழந்தை, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்கும் குழந்தை என இவற்றையே தினமும் பார்ப்பவர்களுக்கு அதுதான் பிள்ளையின் உறக்கம். மூச்சுக்கு வழி தேடி உடல் தானாகக் கண்டுகொண்ட நிலைகள் அவை என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

2011-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டவுன் சிண்ட்ரோம் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நான்கு வயதுக்குள் உறக்கச் சோதனை செய்ய வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. 2022-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதை வலியுறுத்துகிறது. 2014-இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் ஜேமி எட்ஜின் குழுவினர் 38 குழந்தைகளிடம் செய்த ஆய்வு இதன் அவசரத்தை உணர்த்துகிறது. மூச்சுத்தடை உள்ளவர்களின் மொழிசார் அறிவுத்திறன் மதிப்பு, தடை இல்லாதவர்களைவிடச் சராசரியாக 9 புள்ளிகள் குறைந்திருந்தது. இரு தரப்பிலும் அதே குரோமோசோம்தான், வேறுபட்டது இரவு. சிறிய ஆய்வு, காரணத்தை நிறுவியதாகக் கொள்ள முடியாது. ஆனாலும் 1889-இல் ஹில் எழுதியதை இந்தக் குழந்தைகளுக்கும் பொருத்திப் பார்த்த அளவில் அது மதிப்புடையது.

சிகிச்சை இன்னும் எளிதாகவில்லை. டான்சிலையும் அடினாய்டையும் எடுப்பதே முதல் படி. ஆனால் பலருக்கு அதன் பிறகும் தடை எஞ்சுகிறது. 2004-இல் டொனெல்லி, ஷாட் குழுவினர் அப்படிப்பட்ட 27 பேரை உறக்கத்தில் எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்தபோது, மீண்டும் வளர்ந்த அடினாய்டு, பின்னோக்கிச் சரியும் நாக்கு, நாக்கின் அடிப்பகுதியில் வீங்கிய டான்சில் திசு எனப் பல இடங்களில் அடைப்பைக் கண்டனர். 1981-இல் சிட்னியில் காலின் சலிவன் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து பாதையைத் திறந்து வைக்கிறது. தொடுதலையே வெறுக்கும் குழந்தைக்கு அதை மாட்டிப் பழக்குவதற்குள் தாய் படும் பாடு எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. பாஸ்டனில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 வயதுப் பிள்ளை ஒருவருக்கு நாக்கை இயக்கும் நரம்பைத் தூண்டும் கருவி மார்பில் பொருத்தப்பட்டதை 2016-இல் வெளியான கட்டுரை ஒன்று விவரித்தது. ஒவ்வொரு மூச்சிலும் நாக்கு சற்று முன்னே நகர்ந்து வழிவிடுகிறது. 2022-இல் 42 பேரிடம் செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பயன் பெற்றனர். 2023-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 13 வயதும் அதற்கு மேலும் உள்ள டவுன் சிண்ட்ரோம் சிறாருக்கு அதை அனுமதித்தது. சோதனையில் தடை உறுதியாகும் நான்கு வயதுக் குழந்தைக்கு, அந்தக் கருவி எட்டும்வரை ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன.