துருவும் கொப்புளமும்: மலையகப் பயிர்களின் எதிர்ப்பாற்றல் வரலாறு

மலையகத்தின் வரலாற்றை ஆராய்வோர் துரைமாரையும் கங்காணிமாரையும் குடியேற்றச் சட்டங்களையும் விரிவாக எடுத்துரைப்பர். அவ்வரலாற்றைத் திசைதிருப்பியதிற் பங்கசு ஒன்றுக்கும் பெரும் பங்குண்டு. பயிரை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக்கும், அதனைத் தாங்கவல்ல செடியைத் தேடும் மனித முயற்சிக்கும் இடையிலான போராட்டம் இம்மலைகளில் 150 ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்து வருகின்றது.

1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. இத்துரு நோய் சில ஆண்டுகளுள் மலைநாடெங்கும் பரவிற்று. அக்காலத்தில் 2,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இடைவெளியின்றிக் கோப்பியே பயிரிடப்பட்டிருந்தது. 1880 இல் இங்கு வந்து ஆய்வு நடத்திய மார்ஷல் வார்ட், காற்றினாற் பரவும் வித்திகளுக்கு இத்தகைய தனிப்பயிர்ச் செய்கை வாய்ப்பளித்தமையைச் சுட்டிக்காட்டினார். துருவைத் தாங்கும் என்ற நம்பிக்கையுடன் நடப்பட்ட லைபீரியக் கோப்பியும் அதற்கு இரையாயிற்று. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையே ஈற்றில் கோப்பியின் இடத்தைப் பெற்றது.

இம்மாற்றம் பயிரளவில் நின்றுவிடவில்லை. கோப்பி பருவப் பயிராதலின், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதற்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பருவந்தோறும் வந்து சென்றோர் லயங்களில் நிலைத்த குடிகளாயினர். மலையக மக்கள் என்றொரு சமூகம் உருவானமைக்குரிய காரணங்களுள் கோப்பியின் வீழ்ச்சியும் ஒன்று எனில் அது மிகையாகாது.

எதிர்ப்பாற்றல் ஒருமுறை பெற்றுவிட்டால் என்றும் நிலைப்பதன்று என்பதைத் தென்னிந்திய அனுபவம் உணர்த்துகின்றது. கர்நாடகத்தில் கென்ட் என்னும் தோட்டக்காரர் 1911 அளவில் தெரிந்தெடுத்த கோப்பிச் செடி துருவைத் தாங்கி நின்றது. ஆயினும், காலப்போக்கில் அப்பங்கசின் புதிய இனங்கள் தோன்றவே அச்செடியும் நோய்க்கு ஆட்பட்டது. பயிர் மாற, ஒட்டுண்ணியும் மாறும் என்பதே இதன் பாடமாகும்.

தேயிலையும் தன் பகைவனைச் சந்தித்தது. அசாமில் முன்னரே அறியப்பட்டிருந்த கொப்புள நோய் 1946 இல் இலங்கையை அடைந்தது. இதற்குரிய பங்கசு முற்றிய இலையை விடுத்துக் கொழுந்தையே பற்றுவது. குளிரும் மழையும் முகிலும் சேர்ந்த பருவமே அதற்கு உகந்ததாதலின், நுவரெலியா, அட்டன் மலைகளில் அதன் கொடுமை மிகுந்தது. பறிப்பவரின் கூடைக்குச் சேரவேண்டியதே நோயின் உணவாயிற்று. கொழுந்து குறைந்தால் நிறை குறையும், நிறை குறைந்தால் ஊதியமும் குறையும். செப்புச் சேர்ந்த மருந்து தெளிப்பது அன்றுமுதல் தோட்ட வேலையின் ஓர் அங்கமாயிற்று.

மருந்துக்கு அப்பால் செடியிலேயே தீர்வு தேடும் பணியை, 1925 இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் மேற்கொண்டது. சிறந்த செடியின் ஓரிலைத் தண்டுத்துண்டுகளை வேரூன்றச் செய்து அதே இயல்புடைய கன்றுகளைப் பெருக்கும் முறை பரவியது. தோட்டங்களில் 'வீ.பி.' என வழங்குவது இதுவே. டி.ஆர்.ஐ. 2025 மிகுந்த விளைச்சலாற் புகழ்பெற்றது, டி.ஆர்.ஐ. 2043 கொப்புள நோயைத் தாங்குவது. ஆனால், மேம்பட்ட வகைகள் பலவற்றின் வமிசத்தில் ஏ.எஸ்.எம். 4/10 என்னும் ஒரே தாய்ச்செடி காணப்படுகின்றது. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையில் செடிக்குச் செடி வேறுபாடு இருந்தது. ஒரே வகைக் கன்றுகளால் நிரம்பிய மலையில் அது இல்லை.

தானியப் பயிர்களில் இத்தேடல் சற்று எளிது. சோளத்தின் வேரைப் பற்றும் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையின் விதை, வேர் கசியும் பொருளை உணர்ந்தே முளைக்கின்றது. அப்பொருளைக் குறைவாகக் கசியும் சோளத்தைத் தெரிந்து வளர்த்த எத்தியோப்பிய அறிஞர் கெபிசா எஜெட்டாவுக்கு 2009 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. சோளத்திற் பிழை நேர்ந்தால் அடுத்த போகத்தில் விதையை மாற்றலாம். தேயிலையோ பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது. இன்று நடப்படும் செடியின் குறையைப் பேரப்பிள்ளைகளும் சுமக்க நேரும்.

2021 மே மாதம் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. மருந்தை மட்டும் நம்பிய வேளாண்மை எத்துணை நொய்தானது என்பதை அச்சில மாதங்கள் காட்டின. எனவே எதிர்ப்பாற்றலுடன் பன்முக வேறுபாட்டையும் பேணுதல் இன்றியமையாதது. பழைய விதைத் தேயிலை பிடுங்கப்படுமிடத்து, அதனுள் உறங்கும் ஆற்றலும் உடன் அழியக்கூடும். கோப்பி வீழ்ந்தபோது துரைமாருக்குத் தேயிலை இருந்தது. தேயிலை வீழுமாயின் அதனையே நம்பி வாழும் மக்களுக்கு எது இருக்கும் என்ற வினாவை ஆய்வுகூடமும் அரசும் ஒருங்கே எதிர்கொள்ளவேண்டும்.