செய்தியும் மெய்நிகர்க் கணினியும்: மடுவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப மாநாடுகளின் அமர்வுகளை வரலாற்றாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. பொறியியலாளர் ஒருவர் மேடையேறித் தமது மென்பொருளை விளக்குவது வெறும் துறைசார் நிகழ்ச்சியாகவே கருதப்படுகிறது. ஆயின் அறிவு எங்கே, எம்மொழியில், எவர் முன்னிலையில் வழங்கப்படுகிறது என்பது உற்பத்தி உறவுகளோடு பிணைந்த வினாவாகும். மெய்நிகராக்கம், செய்திப் பரிமாற்றம் ஆகிய இரு மென்பொருட்டுறைகளையும், 2006இல் கொழும்பில் கூடிய மாநாடொன்றையும் மன்னார் மாவட்டத்தின் மடுவிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்நிகராக்கமாவது, ஒரே கணினியைத் தனித்தனிக் கணினிகள் பலவாக இயங்கச் செய்தல். இதன் தோற்றத்துக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. 1960களில் கணினி என்பது பெருமூலதனம். அது ஒரு பயனாளருக்காகக் காத்துக்கிடப்பது நட்டம். ஐ.பி.எம். நிறுவனத்தின் மாசாசூசெற்ஸ் ஆய்வுநிலையத்தில் அத்தசாப்தத்தில் தொடங்கிய முயற்சி, 1972இல் வி.எம்./370 என்னும் விற்பனைப் பண்டமாயிற்று. அதன் கோட்பாட்டு நிபந்தனைகளை வகுத்த போபெக், கோல்ட்பேர்க் ஆகியோரின் ஆய்வு 1973இல் மாநாடொன்றில் படிக்கப்பெற்று, 1974இல் அச்சேறியது.

செய்திப் பரிமாற்றமும் அவ்வாறே. 1971இல் ரேய் ரொம்லின்சன் வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அந்த ஆர்ப்பாநெற் வலையமைப்பு 1972 ஒக்ரோபரில் வாஷிங்ரன் மாநாட்டில் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. அதற்குப் பணம் வழங்கியது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் வணிக நிறுவனங்களுக்கெனச் ‘செய்தி வரிசை’ மென்பொருள்கள் எழுந்தன. அனுப்புவோனும் பெறுவோனும் ஒரே வேளையில் இயங்கவேண்டியதில்லை. பெறுவோன் ஆயத்தமாகும்வரை இடைநிலை மென்பொருள் செய்தியைக் காத்துநிற்கும்.

இலங்கையில் 1990இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் மின்னஞ்சல் சேவை தொடங்கிற்று. 2003இல் லங்கா மென்பொருள் மன்றமும், 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் தோன்றின. மென்பொருள்களிடையே செய்தி பரிமாறும் அக்சிஸ்2 என்னும் திறந்தமூல ஆக்கத்தில் இலங்கைப் பொறியியலாளர் முதன்மைப் பங்கு வகித்தனர். இப்பின்னணியிலேயே 2006 ஓகஸ்ட் நடுப்பகுதியில் அப்பாச்சி ஆசிய மாநாடு கொழும்பிற் கூடியது. அதே யூலையில் அமேசன் நிறுவனம் தன் செய்தி வரிசைச் சேவையை முழுமையாகச் சந்தைக்கு விட்டது. ஓகஸ்டில் மெய்நிகர்க் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. பொதுவுடைமையாய் வழங்கப்பட்ட மூலநிரல்களையும் உள்வாங்கி, இயந்திரத்தைச் சொந்தமாக்கி, அதன் நேரத்தை விற்கும் புதிய வாடகைமுறை இவ்வாறு உருவாயிற்று.

அதே ஓகஸ்டில் இலங்கையில் நிகழ்ந்தது வேறு. 11ஆம் தேதி ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டது. தலைமன்னார்ப் புகையிரதம் 1990இலேயே நின்றுபோயிருந்தது. மடு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்களிற் பலர் 1999 நவம்பர் 20இல் எறிகணை வீச்சில் மாண்டனர். 2008 ஏப்ரலில் அன்னையின் திருவுருவமே தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து மடுவுக்கு அடைக்கலமாகக் கொண்டுவரப்பட்ட உருவம் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. யுத்தம் பிரித்த குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் செய்தி ஒரு முக்கிய வழியாக இருந்தது. உறையிடாத சிறு கடிதம். பெறுவோர் கண்டறியப்படும்வரை காத்திருக்கும். மனிதர் கையாற் சேர்ப்பிக்கப்படும். கொழும்பு மேடையில் விளக்கப்பட்ட தத்துவமும் இதுவே. ஒன்று மின்சாரத்தால் நிகழ்ந்தது, மற்றது மனித உழைப்பால்.

இம்முரண்பாட்டை மாநாட்டினரின் தனிமனிதக் குறையாகக் கொள்வது மேம்போக்கான முடிபாகும். அவர்கள் தம் உழைப்பை உலகுக்கு இலவசமாகவே வழங்கினர். ஆயின் மூலநிரல் பொதுவானதெனினும் அதனைப் பயிலும் வாய்ப்புப் பொதுவானதன்று. மின்சாரமும் ஓய்வுநேரமும் ஆங்கிலமும் அமைந்தவனுக்கே அது திறந்திருக்கிறது. மடுவின் ஆவணித் திருவிழாவிலோ தமிழரும் சிங்களவரும் கூடுகின்றனர். வழிபாடு இரு மொழிகளிலும் நிகழ்கிறது. எழுத்தறிவு குறைந்த யாத்திரிகனும் தன் மொழியிற் கேட்கும் உரிமையைச் சமய நிறுவனம் ஏற்றிருக்க, அறிவியல் அரங்கு ஏற்கத் தயங்குவது ஏன்?

2013இல் மடு வீதி வரையும், 2015இல் தலைமன்னார் வரையும் புகையிரதப் பாதை மீண்டது. தண்டவாளம் மீண்டமையால் அறிவின் பாதையும் திறந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. 1999இல் சென்னையிற் கூடிய தமிழ்நெற்99 மாநாடு தமிழுக்கெனப் பொது விசைப்பலகையொன்றை வகுத்தது. 2000இல் சிங்கப்பூர் மாநாட்டோடு உத்தமம் அமைப்புத் தோன்றியது. மொழியின் தேவையை முன்னிறுத்திக் கூடும் மாநாடு உறுதியான பயனை விளைவிக்கும் என்பதற்கு இவை சான்று. எனவே கொழும்பில் ஆங்கிலத்தில் நிகழும் ஒவ்வொரு தொழில்நுட்ப அமர்வும் மன்னாரிலும் வவுனியாவிலும் தமிழில் மீண்டும் நிகழ்த்தப்படல் வேண்டும். மெய்நிகராக்கத்தை விளக்கத் தமிழுக்கு ஆற்றல் உண்டு. அதற்கான அரங்கை அமைப்பது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் உடனடிப் பணியென நாம் கருதுகிறோம்.